தொழிற்கல்வி வகுப்பில் மதிப்பெண்ணுக்கு மாற்று: ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. எழுத்துத் தேர்வில் அது நடக்கும், ஒயரிங்கில் நடக்காது. ஸ்விட்சை நியூட்ரல் கம்பியில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். அடுத்து பல்பு மாற்ற வருபவர் உயிரோடு அது விளையாடும். இந்த வேலைக்குப் பாதி மதிப்பெண் போடலாமா?

தமிழ்நாட்டில் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு 1978 முதல் இருக்கிறது. பொதுத்தேர்வு முறை நம் கையில் இல்லை, செய்முறை வகுப்பு நம் கையில்தான் இருக்கிறது. அங்கே மதிப்பெண்ணுக்குப் பதில் திறனை எப்படி மதிப்பிடுவது என்று மின் பொறியியல் வகுப்பை வைத்தே பார்ப்போம்.

படி 1: திறன்களைப் பட்டியலிடுங்கள்

பாடத் தலைப்புகளை அப்படியே எழுத வேண்டாம். ‘மாடிப்படி விளக்குக்கு இருவழி ஸ்விட்ச் இணைப்பார்’, ‘சீரிஸ் விளக்கால் பழுது கண்டுபிடிப்பார்’ என்று மாணவர் செய்து காட்டக்கூடியதாக எழுதுங்கள். ஒரு பருவத்துக்குப் பத்துத் திறன்கள் போதும்.

படி 2: எது தேர்ச்சி என்று முன்பே சொல்லுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பிளக் பாயிண்ட் இணைப்பை எடுத்துக்கொள்வோம். எதிரே நின்று பார்க்கும்போது வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல், மேலே எர்த். ஸ்விட்ச் ஃபேஸில். ஸ்க்ரூவுக்கு வெளியே செம்பு தெரியக்கூடாது. இழுத்தால் கம்பி கழலக்கூடாது. இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ‘முடிந்தது’, ஒன்று தவறினாலும் ‘இன்னும் இல்லை’. இடையில் 60, 70 என்று எதுவும் வேண்டாம். ஆசிரியரைக் கூப்பிடுமுன் மாணவர்கள் தாங்களே சரிபார்க்கட்டும். பின்னாளில் தனியாக வேலைக்குப் போகும் இடத்தில் அவர்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கமாட்டார்.

படி 3: எண் போடாமல் குறிப்பு எழுதுங்கள்

இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் ‘எர்த் கம்பி தளர்வு, மறுபடி முறுக்கு’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

படி 4: மறுவாய்ப்பு கொடுங்கள்

தவறு எங்கே என்று மாணவர் சொல்லிக் காட்டியபின் திரும்பச் செய்யட்டும். முதல் தடவை தவறியதற்காகக் குறைக்காதீர்கள். நான்காம் தடவையில் சரியாகச் செய்தவரும் ஒயர்மேன்தான்.

படி 5: பழக்கங்களுக்குத் தனி ஏடு

நேரத்துக்கு வருதல், கருவிகளைத் திருப்பி வைத்தல், மெயினை அணைத்துவிட்டுக் கைவைத்தல், செலவைக் கணக்கிட்டு வீட்டுக்காரருக்கு விளக்குதல். வாழ்நாள் முழுதும் சோறு போடுபவை இவை. ஆனாலும் இவற்றைத் திறன் மதிப்பீட்டோடு கலக்காதீர்கள். தாமதமாக வந்தவரின் இணைப்பு சரி என்றால் சரிதான். தாமதத்தைப் பற்றித் தனியாகப் பேசுங்கள்.

படி 6: கடைசியில் எண்ணாக மாற்றுங்கள்

பள்ளி மதிப்பெண் கேட்கும். பத்தில் எத்தனை திறன்கள் முடிந்தன என்பதை வைத்துக் கணக்கிடலாம். பாதுகாப்புத் திறன்களை மட்டும் எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். இந்த முறையைத் தொடங்கும் முதல் ஆண்டில் ஒயரிங் பாடத்தோடு நிறுத்திக்கொண்டு, மோட்டார் காயில் கட்டுவதை அடுத்த ஆண்டு சேருங்கள்.