புது இம்ப்ளாண்ட் பல்: வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்

விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களும், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களும் பெங்களூருக்கு வந்து பல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டு போவது இப்போது சகஜம். திருகாணியைப் பொருத்த ஒரு நாள் போதும். அது எலும்போடு ஒன்றிப் பிடிக்கத்தான் கீழ்த்தாடையில் சுமார் 3 மாதமும், மேல்தாடையில் 6 மாதம் வரையும் ஆகிறது. கவனம் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான்.

நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நரம்போடிய மெல்லிய நார் ஒன்று உண்டு. கோளாறு வந்தால் அது வலித்துச் சொல்லிவிடும். இம்ப்ளாண்டுக்கு அந்த நார் கிடையாது. சுற்றியுள்ள எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வலி தெரியாமலே போகலாம். அதனால், வலிக்கவில்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வைக்கும் முன்

சர்க்கரை நோய் இருந்தால் ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவோடு போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால், பல வருடங்களுக்கு முன்பு என்றாலும், கட்டாயம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறுவதை அவை பாதிக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகரெட், பீடி, குட்கா மூன்றுமே இம்ப்ளாண்டுக்குப் பகை. ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

மருத்துவர் கர்நாடக மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறே இல்லை. இம்ப்ளாண்டின் கம்பெனி, அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரையும், பொருத்தியவுடன் எடுத்த எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், எந்த ஸ்க்ரூ, எந்தக் கருவி என்று தெரிய அந்த ஸ்டிக்கர்தான் உதவும்.

முதல் வாரம்

முதல் நாள் எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்து வரும். வீக்கம் இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் வடியும். இதெல்லாம் இயல்பு. முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். ஆவி பறக்கும் ஃபில்டர் காபியும் அன்றைக்கு வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். சாப்பாட்டுக்கு ராகி முத்தை அருமையான துணை. மெல்லாமல் விழுங்குவதுதானே அதன் வழக்கம்! நன்றாக ஆறிய பிறகு சாப்பிடுங்கள். நிப்பட்டு, கோடுபளே, வறுத்த அவரைப்பருப்பு எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்கட்டும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலியோ வீக்கமோ கூடினால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், சீழோ துர்நாற்றமோ வந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

உதடும் தாடையும் மரத்திருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் கீழுதடு மரத்தே இருந்தால், இம்ப்ளாண்ட் நரம்பை அழுத்துகிறதோ என்று பார்த்தாக வேண்டும். அழுத்துகிறது என்றால் சீக்கிரம் எடுத்துவிடுவதில்தான் நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம். தானாகச் சரியாகும் என்று ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள்.

கேப் போட்ட பிறகு

இம்ப்ளாண்டின் மேல் பொருத்தும் செயற்கைப் பல்தான் கேப். கேப்பும் ஈறும் சேரும் விளிம்பில் உணவும் அழுக்கும் தங்கும். மென்மையான பிரஷோடு, பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷும் தினமும் வேண்டும். சரியான அளவை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, பல்லை ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாகப் பளபளத்தாலோ, உப்பியிருந்தாலோ, குட்டி பிரஷில் ரத்தம் ஒட்டினாலோ ஈறு அழற்சி தொடங்கியிருக்கலாம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் குணமாகும். விட்டுவிட்டால் அழற்சி எலும்புக்கு இறங்கும். கரைந்த எலும்பை மீட்பது கடினம். சுத்தமான விரலால் ஈறை மெதுவாக அழுத்தும்போது சீழ் கசிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். முதல் வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுத்தால் பழையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கேப் ஆடினால் பயந்துவிடாதீர்கள். பல சமயம் உள்ளே கேப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், முடுக்கினால் சரியாகிவிடும். இம்ப்ளாண்டே ஆடினால் அது எலும்பில் பிடிக்கவில்லை என்று பொருள், எடுத்தாக வேண்டும். எது ஆடுகிறது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். கழன்று வந்த கேப்பைக் கடைப் பசையால் ஒட்டாமல், சின்ன டப்பாவில் போட்டு ஸ்டிக்கரோடு எடுத்துக்கொண்டு போங்கள்.