சிறிய பெண் நாய்க்குட்டிக்குக் கருத்தடை: உரிய காலம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள மண்டூரில் வயலுக்கும் தோட்டத்துக்கும் நாயே இராக்காவல். ஆயினும் வேண்டாத குட்டிகள் தெருவில் விடப்படின் விசர்நோய் பரவ இடமுண்டாகும். இலங்கையில் தெருநாய்களைக் கொல்லும் முறை 2006ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பின், கருத்தடையே அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் வழியாயிற்று.

“குட்டி மிகச் சிறியது, வளரட்டும்” என்று காலங்கடத்துதல் தவறு. சிறிய உடலுடைய நாய்கள் முந்திப் பருவமடையும்; ஆறாம் மாதத்திலேயே சினைப்பருவம் வரலாம். சினையுற்றால் ஏறத்தாழ 63 நாளில் ஈனும். ஆகவே ஐந்து, ஆறு மாதத்தில், முதற் பருவத்துக்கு முன்னரே சத்திரசிகிச்சை செய்வித்தல் நன்று.

அதற்காக மிக இளங்குட்டியை அவசரப்பட்டுக் கொண்டுசெல்லலும் ஆகாது. மயக்க மருந்தின்போது சிற்றுடல் விரைவிற் குளிரும். நெடுநேரப் பட்டினியால் இரத்தத்திற் சர்க்கரை குறையும். இவை உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே எடையையும் உடல்நிலையையும் மிருக வைத்தியரிடம் காட்டி நாள் குறித்தல் வேண்டும். எத்தனை மணி நேரம் உணவு நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேட்டறிக. பூச்சி மருந்தை முன்னரே கொடுத்தல் வேண்டும்.

சினைப்பருவம் தொடங்கிவிட்டால் இரத்தப்பெருக்கு மிகும்; அது முடிந்து இரண்டு, மூன்று மாதஞ் சென்றபின் செய்விப்பதே நலம். அதுவரை ஆண் நாய்கள் அணுகாதபடி அடைத்து வைத்தல் அவசியம்.

சிகிச்சைக்குப்பின் பத்து முதல் பதினான்கு நாள்வரை குட்டியை உலர்ந்த இடத்திற் கட்டி வைக்கவும். மாரிகாலத்தில் வயற்சேறு படின் புண் சீழ்பிடிக்கும். கருத்தடை விசர்நோயைத் தடுக்காது. அதற்குரிய தடுப்பூசியைத் தவறாது ஏற்றுவிக்க.