துண்டு போட்ட மீனா, தாண்டிப் போங்கள்

காரைக்காலில் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மாக்கள் முதலில் தேடுவது சுறா. பிள்ளை பெற்றதும் சுறாப் புட்டு தின்றால் பால் ஊறும் என்று இப்போதே பழக்குவார்கள். இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்.

சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பாதரசம் சேர்ந்துகொண்டே போய்ச் சுறாவில் குவிகிறது. தாய் தின்றால் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில், பாதரசம் ஏறிய மீனைத் தின்றும் பெரிய நோய்க்குறி எதுவும் தெரியாத தாய்மார்களுக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே மீனையே நிறுத்திவிடுகிறார்கள். அது அடுத்த தவறு. குழந்தையின் மூளை வளரவும் மீன் வேண்டும்.

கடையில் நிற்கும்போது ஒரே கணக்கு: முழு மீன் சோற்றுத் தட்டில் அடங்க வேண்டும். மத்தி, நெத்திலி, சங்கரா வாரம் இரண்டு மூன்று முறை தாராளமாகச் சாப்பிடலாம். துண்டு போட்டு விற்கிற பெரிய வஞ்சிரம், சுறா, மயில் மீன் வேண்டாம். "குட்டிச் சுறாதானே" என்பார்கள். அதுவும் வேட்டையாடித் தின்கிற இனம். என் வீட்டில் சேர்ப்பதில்லை.

மஞ்சள் போட்டு அலசினாலும் பொரித்தாலும் பாதரசம் போகாது, அது சதையிலேயே இருக்கிறது. டி.டி.டி., பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துகள் வேறு மாதிரி, கொழுப்பில் தங்கும். இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி.யை 1989இலும் பி.எச்.சி.யை 1997இலும் தடை செய்தாயிற்று. ஆனாலும் அவை வண்டலில் லேசில் மக்காமல் கிடந்து மீனுக்குள் போகும். அதனால் குடல், ஈரல், வயிற்றுக் கொழுப்பை வழித்து எறியுங்கள். வாசமாக இருக்கும் என்று அந்தக் கொழுப்பைக் குழம்பில் போடாதீர்கள்.

உடம்பில் ஏறிய பாதரசம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மீனை மாற்றுங்கள்.

மீனை மட்டும் பார்த்தால் போதாது. சம்பா வயலில் பூச்சிமருந்தடித்தவர் கொல்லையிலேயே குளித்து, சட்டையைத் தனியாகத் துவைக்கட்டும், மாசமானவள் அதைத் தொட வேண்டாம். அடுப்பு மூட்ட பாலிதீன் கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு வரும். போகியன்று டயர் எரிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு, இந்த நஞ்சுகளுக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், சுறாவால் அல்ல. புட்டு ஆசை விடவில்லையென்றால் சங்கராவை வேகவைத்து, முள் ஒன்று விடாமல் பொறுக்கி உதிர்த்து, இஞ்சியும் பூண்டும் போட்டு வதக்குங்கள்.