தண்ணீருக்கு வழி விடுங்கள்: ஐப்பசி முதல் தை வரை வீட்டுத் தோட்டம்

ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் ஒருநாள் வெளுக்கிறது, மறுநாள் கறுத்து நிற்கிறது. அடைமழை பிடித்துக்கொள்வதற்கு முன் நம் கையில் இருப்பது சில வெயில் நாட்கள்தான். சேத்தியாத்தோப்பிலும் சுற்றியுள்ள வெள்ளாற்றங்கரை ஊர்களிலும் கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்கள் இந்த நாட்களை விட்டுவிட வேண்டாம்.

குளிர் நாடுகளில் இந்தப் பருவத்தில் உறைபனியிலிருந்து செடிகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. இந்த நான்கு மாதங்களில் நம் வீடுகளில் சாகும் செடிகளில் பெரும்பாலானவை வேரடியில் நின்ற தண்ணீரால்தான் சாகின்றன. ஆகவே உரம், மருந்து, புது விதை எல்லாவற்றுக்கும் முன்னால் மண்வெட்டியை எடுங்கள்.

மேற்கே விருத்தாசலம் பக்கம் போகப் போகச் செம்மண். கொட்டிய மழை சிறிது நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். நம் பக்கம் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், இரண்டு நாள் மழைக்குப் பிறகு வாய் மூடிக்கொண்டு சொட்டுத் தண்ணீரையும் கீழே விடாது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் முழங்கால் தண்ணீரில் நிற்கும் செடியும் தண்ணீர் காணாததுபோல் வாடிப்போய் இலையைத் தொங்கவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மேலும் ஒரு குடம் ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

உங்கள் கொல்லை எப்படிப்பட்டது என்று இன்றே பார்த்துவிடலாம். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது காலையிலிருந்து மாலை வரை அப்படியே நின்றால், அந்த இடத்துக்கு மேட்டுப்பாத்தி இல்லாமல் விமோசனம் இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, மட்கிய எருவும் கொஞ்சம் மணலும் கலந்து பாத்தி போடுங்கள். பாத்திகளுக்கு இடையே ஒரு சாண் ஆழ வாய்க்கால், வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும்படி.

கோடையில் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வட்டமாக வரப்புக் கட்டி, நடுவில் தண்ணீர் தேங்கும்படி கிண்ணம்போல் வைத்திருப்போம். அந்தக் கிண்ணத்தை இப்போது கவிழ்த்துவிட வேண்டும். வரப்பை உடைத்து, அந்த மண்ணையே தண்டைச் சுற்றி அணைத்து மேடாக்குங்கள். விழுகிற நீர் தண்டிலிருந்து விலகி வெளியே ஓட வேண்டும். கத்தரி, மிளகாய், வாழை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தைப்பொங்கலுக்குக் கொத்தோடு பிடுங்க வேண்டிய மஞ்சளில் கார்த்திகை மாதத்தில் கிழங்கழுகல் வருவதும் பள்ளத்தில் நட்ட பாத்தியில்தான்.

பப்பாளி எல்லாவற்றிலும் நோஞ்சான். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும், தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் தோல் கறுத்து, தொட்டால் கூழாகிவிடும். எங்கள் கொல்லையில் காய் நிறைந்து நின்ற மரம் ஒன்று அப்படித்தான் போயிற்று. வியாழக்கிழமை இலை மஞ்சளானது. ஞாயிற்றுக்கிழமை விறகுக்கட்டைபோல் சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, “மேட்டுல வச்சிருக்கணும் தம்பி, பப்பாளிக்குக் கால் நனையக் கூடாது” என்றார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் பப்பாளி வாசல் பக்க மேட்டில்தான்.

வாய்க்கால் வெட்டும்போது அது போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். வீராணம் ஏரி 47.5 அடிக்கு நிறைந்து உபரி நீர் வெள்ளாற்றில் திறக்கப்படும் நாட்களில், ஆற்றிலும் வெள்ளம் வந்துவிட்டால், தாழ்வான தெருக்களில் சாக்கடை நீர் வடிவதற்குப் பதிலாகத் திரும்பி வரும். அப்படிப்பட்ட வீடுகளில் வடிகால் வாயை அடைக்க மணல் மூட்டை ஒன்றைத் தயாராக வையுங்கள். சாக்கடை கலந்த வெள்ளம் கீரைப்பாத்தியில் ஏறினால் அந்தக் கீரையைச் சமைக்க வேண்டாம். பிடுங்கி எருக்குழியில் போடுங்கள்.

தொட்டிச்செடி வைத்திருப்பவர்களுக்கு. விருத்தாசலம் பீங்கான் ஊர். கார்த்திகை தீபத்துக்கு அங்கிருந்து அகல் விளக்குகள் வரும், அவற்றோடு பளபளக்கும் பூந்தொட்டிகளும் வீட்டுக்கு வந்துவிடும். வாங்குங்கள், அழகுதான். ஆனால் மெருகு பூசிய தொட்டிக்கும் சாதாரண மண்தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து வாங்குங்கள். மண்தொட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து உலரும். மெருகுத் தொட்டியின் சுவர் அடைபட்டது, ஈரம் மேல்வாய் வழியாகவும் அடித்துளை வழியாகவும்தான் போக முடியும். துளையில்லாத தொட்டியை இந்தப் பருவத்தில் மழையில் வைக்கவே கூடாது. துளை உள்ளதென்றால், உடைந்த அகல் ஒன்றைக் கவிழ்த்துத் துளையின்மேல் வையுங்கள், மண் அடைக்காது. அது ஒன்றே போதும். அடியில் ஜல்லி அடுக்கினால் வடிகால் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஜல்லிக்கு மேலே உள்ள மண் முழுக்க நனைந்து ஊறிய பிறகுதான் நீர் கீழே சொட்டும். ஆகவே ஜல்லி அடுக்கால் வேருக்குக் கிடைக்கும் இடம்தான் குறைகிறது. தொட்டியை மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டுகளை எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரில் வளர்வது டெங்குக் கொசு.

அடுத்தது காற்று. கார்த்திகை கழிந்ததும் புயல் பயம் போய்விட்டது என்று நம் மாவட்டத்தில் யாரும் நினைக்க முடியாது. 2011 டிசம்பர் 30 காலை, மார்கழி பாதியில்தான், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தது கார்த்திகையிலேயே, நவம்பர் 30. எனவே கவாத்து வேலையை இப்போதே முடியுங்கள்.

முருங்கை மெலிந்த மரம், தலை கனத்தால் முறியும். நீண்ட கிளைகளைச் சாய்வாக வெட்டுங்கள், வெட்டுவாயில் மழைநீர் தங்காது. வெட்டிய இடத்தில் பசுஞ்சாணத்தைக் கெட்டியாகப் பூசுங்கள். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழி இரண்டைப் பெருக்கல் குறிபோல் கட்டி, குலை சாயும் பக்கம் முட்டுக் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வாழையின் கீழ் இலைகளை அறுத்துவிடலாம், காற்றுக்குப் பிடி குறையும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள், அவை காற்றில் பறந்தால் உயிருக்கே ஆபத்து. மின்கம்பியை உரசும் கிளையில் நீங்கள் கை வைக்க வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அதில் சொல்லுங்கள். சாய்ந்த இளமரம் வேர் முழுதும் அறாமல் இருந்தால் ஓரிரு நாளுக்குள் கிளைகளைக் குறைத்து, நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கட்டினால் பிழைக்கும்.

மழை விட்ட மாலைகளில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். முருங்கைத் தண்டில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். ஆனால் அதில் பட்டையும் வெந்துபோகும். சோப்புக் கரைசலை நன்றாகப் பீய்ச்சி, நீண்ட துடைப்பத்தால் தள்ளிக் கீழே விழுந்ததை அழித்துவிடுங்கள். ரோமம் தோலில் பட்டால் தடிக்கும், கையுறை அவசியம். பெரிய ஆப்பிரிக்க நத்தைகளையும் கையுறையோடுதான் பொறுக்க வேண்டும். ஈரச்சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையையோ பப்பாளி இலையையோ இரவு போட்டு வைத்தால், காலையில் அங்கேயே திரண்டிருக்கும். உப்புநீர் வாளியில் போடுங்கள். உப்பை நேராக மண்ணில் தூவினால் செடி கெடும்.

பரங்கிக்கொடியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் ஊன்றிய விதை மார்கழியில் பூத்துக் குலுங்கும். வாசல் கோலத்தில் சாணி உருண்டையின் மேல் செருக அந்த மஞ்சள் பூ வேண்டும், பொங்கலுக்குக் காயும் வேண்டும். இரண்டும் கிடைக்கும், பூவைப் பார்த்துப் பறித்தால். பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிக்காய் இருந்தால் அது பெண்பூ, அதைத் தொடாதீர்கள். மெல்லிய நீண்ட காம்பில் காய் எதுவும் இல்லாமல் நிற்பது ஆண்பூ, கோலத்துக்கு அது. ஆனால் எல்லா ஆண்பூவையும் பறித்துவிட்டால் குட்டிக்காய் மஞ்சளாகி உதிரும். மழை மூட்டத்தில் தேனீ வராது. அப்போது காலை ஏழு, எட்டு மணிக்குள் ஓர் ஆண்பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு, மூன்று பெண்பூவுக்குக் காணும். வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும்.

மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்துக் காலம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, காய்ந்த குச்சிகளை நீக்கி, இலைகளை உருவிவிடுங்கள். பூ நிற்கிறதே என்று மனம் இரங்கித் தள்ளிப்போட்டால் பங்குனி, சித்திரையில் மகசூல் குறையும். மாமரத்துக்கு நேர்மாறு. கார்த்திகைக்குப் பின் அதை வெட்டவும் வேண்டாம், தண்ணீர் விடவும் வேண்டாம். ஈரம் குறைந்தால்தான் மார்கழி, தையில் பூ எடுக்கும்.

ஆடியில் விதைத்த அவரை மார்கழிப் பனியில்தான் காய்த்துக் கொட்டும். அப்போதுதான் கொழுந்திலும் பூங்கொத்திலும் அசுவினி மொய்க்கும். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளியுங்கள். இலைமேல் வெள்ளை மாவு பூத்ததுபோல் சாம்பல் நோய் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். பனிக்காலத்தில் காலையில் மட்டும், வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

மழை நின்றதும் மஞ்சளாக நிற்கும் செடிகளைப் பார்த்து அவசரப்பட்டு உரத்தைக் கொட்டாதீர்கள். சேற்றில் இறங்கி மிதித்தால் மண் இறுகும். காலில் ஒட்டாத அளவுக்கு மண் காய்ந்ததும் மேலாகக் கொத்திவிடுங்கள். லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து இலைவழி தெளித்தால் வேர் தேறும்வரை தாங்கும். எருவை மழை ஓய்ந்த பிறகே இடுங்கள், இப்போது இட்டால் வாய்க்காலோடு வெள்ளாற்றுக்குப் போய்விடும். மார்கழிக் கடைசியில் கரும்பு வெட்டு நடக்கும் வயல்களில் சோகை மலிவாகக் கிடைக்கும். ஒரு கட்டு கேட்டு வாங்கி, செடியடியில் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். தை வெயிலில் நம் களிமண் வெடிக்காமல் இருக்க இதைவிட நல்ல போர்வை இல்லை.

கீரையை இப்போது விதைக்க வேண்டாம். விதையை மழை அடித்துக்கொண்டு போய்விடும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் கூரைக்குக் கீழே தட்டில் விடலாம். நாற்றழுகலைத் தடுக்க விதையில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள், கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில். வீட்டளவு விதைக்கு ஒரு சிட்டிகை. கத்தரியில் நம் மாவட்டத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் மார்கழி நல்ல காலம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கொல்லை வாய்க்காலைப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அடைமழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் உள்ள நாலு வீட்டாரும் மண்வெட்டியோடு கூடி, தெரு வடிகாலில் அடைத்துக் கிடக்கும் நெகிழிப் பையையும் மண்ணையும் அள்ளிவிடுங்கள்.