நிழலை முதலில் வரை

அன்புள்ள தங்கைக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலை வீட்டின் வரைபடங்களைப் பார்த்தேன். கடலைப் பார்த்த கூடத்துக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி மடக்குக் கதவு. அதைத் திறந்துவிட்டால் தோட்டமும் கூடமும் ஒன்றாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆசை. ஆனால் கதவுக்கு மேல் சன்ஷேடு இரண்டடிதான் இருக்கிறது. காலை வெயில் சோபாவரை வரும், ஐப்பசிச் சாரலும் வரும். வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தித் திரை இழுத்து ஏசி போட்டுவிடுவார்கள். பிறகு எந்நாளும் அது மூடியேதான் கிடக்கும்.

நம் ஊரில் வீட்டைத் திறந்து வைப்பது கதவு அல்ல, கூரை. பத்தடி ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம் போடு; இறவாரத்தை ஏழடி உயரத்துக்கு இறக்கு. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், கூடத்தைத் தொடாது. இவ்வளவு இடம் வீணா என்று கேட்பார்கள். பாட்டி உட்காருவதும் பிள்ளைகள் படிப்பதும் மழை பார்ப்பதும் அங்கேதான் நடக்கும் என்று பொறுமையாகச் சொல். பணமுள்ளவர்களுக்கு நாம் தரக்கூடிய பெரிய சொகுசு அந்தப் பத்தடிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வடக்குச் சுவரையும் மறக்காதே. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். குளிர்நாட்டுப் புத்தகங்களை நம்பி அந்தப் பக்கத்தை நிழலில்லாமல் வெறுமையாக விட்டிருக்கிறாய்.

முடிந்தால் இலங்கைக்குப் போய் வா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில், பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீட்டைப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அதைப் பிரித்தெடுத்து, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கா தோட்டத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தெருப்பக்கம் மதில், நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றி ஓட்டுக்கூரையின் நிழல். அறையிலிருந்து வெட்டவெளிக்குப் போகும் வழியில் அந்த நிழல் எவ்வளவு அகலம் என்று நடந்து பார். அந்த முற்றத்தை உன் வீட்டுக்கும் யோசி. உன் வரைபடத்தில் கடற்காற்று உள்ளே வர வழி இருக்கிறது, வெளியேறத்தான் வழியில்லை. கூடத்துக்கு மேற்கே ஒரு முற்றம் வைத்தால் அதுவும் சரியாகும்.

தரை விஷயம். கூடமும் வெளித்தரையும் ஒரே மட்டம் என்று போட்டிருக்கிறாய். தாழ்வாரத்தையும் அதே மட்டத்தில் போட்டால் அதற்கு வெளிப்பக்கமாக வாட்டமும் ஓரத்தில் வடிகாலும் அவசியம். இல்லாவிட்டால் கார்த்திகை மழை வீட்டுக்குள் வந்துவிடும். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். சொரசொரப்பான கடப்பைக்கல் போதும். உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கீல் துருப்பிடித்துவிடும். பித்தளை கேள், அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கொசுவலையைக் கடைசியில் ஒட்டவைக்காமல் இப்போதே அதற்கு இடம் ஒதுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மூட வேண்டியிருந்தால் அது திறந்த வீடே அல்ல.

முகப்புப் படத்தை இப்போதைக்கு ஓரமாக வை. கடலிலிருந்து முற்றம் வரை ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து அனுப்பு. அதில் சூரியனின் கோணம், மழைநீர் போகும் வழி, கொசுவலை ஒதுங்கும் இடம் மூன்றும் தெரியட்டும். அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா