சாண்டர் மெஷின் வாங்கியவர்களுக்குச் சில பட்டறைக் குறிப்புகள்

ரம்பத்தில் பல் தெரியும். கை தானாக எட்ட நின்றுகொள்ளும். உளிக்கும் அந்த மரியாதை உண்டு. சாண்டரில் மிரட்டும் பாகம் எதுவும் கண்ணுக்குப் படாது. உப்புத்தாள் ஒட்டிய ஒரு தட்டு, ஒரு ஸ்விட்ச், பின்னால் தொங்கும் சின்னப் பை, அவ்வளவுதான். பழைய கதவையோ ஊஞ்சல் பலகையையோ தாமே தேய்த்து பாலிஷ் போடலாம் என்று இறங்குகிறவர்கள், ட்ரில்லுக்கு அடுத்தபடியாக வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். இந்த மெஷின் நமக்குச் செய்யும் கெடுதல் மெதுவாக ஏறும்: நெஞ்சில், காதில், விரல் நரம்பில். மரத்துக்குச் செய்யும் கெடுதலோ கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

1. வீட்டுக்கு ஒரே ஒரு சாண்டர் என்றால், 5 அங்குல (125 மி.மீ.) வட்டத் தட்டு உள்ள ரேண்டம் ஆர்பிட்டல் வாங்குங்கள். அதன் தட்டு சுழன்றுகொண்டே சில மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளாடவும் செய்யும். அதனால் ஒரே தடத்தில் கீறல் விழாது. மர ரேகை எந்தப் பக்கம் ஓடினாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சதுரத் தட்டு ஆர்பிட்டல் மூலைகளுக்கு நல்லது, ஆனால் வேகம் குறைவு. பெல்ட் சாண்டர் கனமான பலகைகளைச் சமப்படுத்தத்தான். அதை பிளைவுட் மேல் வைப்பது பலகையைக் குப்பைக்கு அனுப்புவதற்குச் சமம்.

ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி மரம் தேய்ப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அரை நொடி சாய்ந்தால் பலகையில் பிறை வடிவக் குழி விழும். அதை நிரப்பப் பட்டி வாங்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், தனியாக ஒரு சாண்டர் வாங்குவதே மலிவு.

2. கடையில் "எத்தனை வாட்ஸ்?" என்று கேட்பதற்கு முன், "தூள் குழாய் மாட்ட வாய் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கூடுதல் பணம் போடுவதானால் பெரிய மோட்டாருக்குப் போடாதீர்கள். தூளைப் பிடிக்கும் ஏற்பாட்டுக்குப் போடுங்கள். காரணம் அடுத்த குறிப்பில்.

3. மரத்தூள் இயற்கையானது, அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஆண்டுக்கணக்கில் தினமும் சுவாசிக்கும் ஆசாரிக்குத்தான் ஆபத்து அதிகம். எப்போதாவது தேய்ப்பவருக்கும் ஆஸ்துமா இளைப்பு, தும்மல், கண் எரிச்சல் வரலாம். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் கொடுக்கும். வேர்வையோடு சேர்ந்து கழுத்திலும் முழங்கை மடிப்பிலும்தான் முதலில் காட்டும். எம்.டி.எஃப். பலகை இன்னும் மோசம். தூள் மாவுபோல மிக நைஸாக இருப்பதோடு, அதை ஒட்டிய பசையில் ஃபார்மால்டிஹைடும் இருக்கும்.

மெஷினோடு வரும் துணிப்பை கண்ணுக்குத் தெரியும் தூளைத்தான் பிடிக்கும். நுரையீரல் வரை போகும் நைஸ் தூள் துணியைத் தாண்டி வெளியே வந்து நெடுநேரம் காற்றில் மிதக்கும். ஆகவே வாக்குவம் கிளீனர் குழாயை மாட்டிக்கொண்டு தேய்ப்பதே சரியான வழி. உப்புத்தாளில் உள்ள ஓட்டைகளும் தட்டில் உள்ள ஓட்டைகளும் நேராகப் பொருந்தியிருந்தால்தான் தூள் உள்ளே போகும். அவசரத்தில் தாளைக் கோணலாக ஒட்டினால் வாக்குவம் வெறும் சத்தம்தான் போடும்.

4. மூக்கில் துண்டு கட்டுவது மனத்திருப்திக்கு மட்டுமே. என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 என்று போட்ட முகமூடி வேண்டும். இந்தியத் தயாரிப்பில் ஐ.எஸ். 9473 என்ற எண்ணைப் பாருங்கள். அடர்ந்த தாடி இருந்தால் எந்த முகமூடியும் முகத்தோடு ஒட்டி நிற்காது. மெஷினை நிறுத்திய கையோடு முகமூடியைக் கழற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காற்றில் தூள் அதிகம் மிதப்பது அந்த நேரத்தில்தான்.

தேய்க்கும் வேலையை முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ள முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அறைக்குள்தான் என்றால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வைத்துத் தூளை வெளியே தள்ளுங்கள். முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள். வாக்குவம் அல்லது ஈரத்துணி.

5. பழைய வீட்டின் பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல், தொட்டில் இவற்றில் சாண்டரை வைக்கும் முன் நிதானியுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எல்லாமே சந்தேகத்துக்கு உரியதுதான். சாண்டர் அதைப் பொடியாக்கி வீடு முழுக்கப் பரப்பும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அப்படிப்பட்ட கதவை பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தொட்டுக் கையால் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்துங்கள். சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். போகிக்கு எரிக்கும் குவியலில் போட வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் சாண்டரை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது.

6. பிளக்கைச் செருகும் முன் ஸ்விட்ச் 'ஆஃப்'பில் இருக்கிறதா என்று பாருங்கள். சாண்டர்களில் ஸ்விட்ச் பொதுவாக அமுக்கிய இடத்திலேயே நிற்கும் வகை. நம் ஊரில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு: தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விடும். மெஷினை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கரன்ட் வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கும். பலகையில் பள்ளம் தோண்டிவிட்டு, ஒயரை இழுத்துக்கொண்டு கீழே விழும். கரன்ட் போன நொடியே ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தாள் மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

7. மெஷினின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு செய்தது. இரண்டு பின் பிளக்கே போதும், எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் பட்டறை லைனில், கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது நல்லது. எக்ஸ்டென்ஷன் ஒயர் உருளையில் சுற்றியிருந்தால் முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுற்றிய நிலையில் சூடேறும். ஒயரைத் தோள் மேலாகப் பின்னால் விட்டுக்கொண்டால் தட்டுக்கு அடியில் சிக்காது.

8. லுங்கி நுனி, துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும் இதில் சேர்த்தி. கழற்ற மனமில்லை என்றால் முழுக்கைச் சட்டைக்குள் செருகிப் பட்டன் போடுங்கள். பெல்ட் சாண்டர், மேசையில் பொருத்திய டிஸ்க் சாண்டர் இரண்டிலும் கையுறை வேண்டாம். கையுறை சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி கட்டாயம்.

9. தேய்க்கும் பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். பெல்ட் சாண்டர் முன்னால் ஓடப் பார்க்கும், பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பின்னால் வரும். ஒரு கையில் பலகை, ஒரு கையில் மெஷின் என்ற வித்தை வேண்டவே வேண்டாம்.

மேசை டிஸ்க் சாண்டரில் வட்டு கீழ்நோக்கி இறங்கும் பாதியில் மட்டும் மரத்தை வையுங்கள். மேல்நோக்கி ஏறும் பாதியில் வைத்தால் துண்டு துள்ளி முகத்துக்கு வரும். விரலால் பிடிக்க முடியாத சிறு துண்டை வேறொரு கட்டையில் இணைத்துக்கொண்டு தேய்க்கலாம்.

10. ரேண்டம் ஆர்பிட்டலை மரத்தின் மேல் தட்டையாக வைத்த பிறகு ஸ்விட்ச் போடுங்கள். சுற்றிக்கொண்டிருப்பதைக் கொண்டுவந்து இறக்கினால் முதல் தொடுதலிலேயே கீறல். பெல்ட் சாண்டருக்கு நேர் எதிர்: தூக்கிப் பிடித்து ஓடவிட்டு, பிறகு தட்டையாக இறக்கி உடனே நகர்த்த வேண்டும், எடுக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கையிலேயே தூக்க வேண்டும். எந்த மெஷினானாலும் சுற்றல் முழுதாக நின்ற பிறகே மேசையில் வையுங்கள்.

11. அழுத்தாதீர்கள். இது இஸ்திரிப் பெட்டி இல்லை. மெஷினின் எடையும் கையின் எடையும் போதும். அழுத்தினால் தட்டின் சுழற்சி குறைந்து சுருள் சுருளாகக் கீறல் விழும்; மோட்டார் சூடேறும்; தாளைப் பிடித்திருக்கும் வெல்க்ரோ கொக்கிகள் வெப்பத்தில் உருகும். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மெதுவாக நகர்த்துங்கள். மெதுவாக என்றால் ஆமை வேகம்தான். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் பாதித் தட்டு அகலம் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். ஓரத்துக்கு வரும்போது பாதித் தட்டுக்கு மேல் வெளியே தொங்க விட்டால் விளிம்பு உருண்டுவிடும்.

12. தாளின் நம்பர் ஏற ஏற நைஸ். பழைய பாலிஷை எடுக்க 80, பிறகு 120, பிறகு 180. இடையில் இருப்பதைத் தாண்டி 80-இலிருந்து 240-க்குப் பாய்ந்தால் நேரம் மிச்சமாவதுபோலத் தோன்றும். 80 போட்ட கீறல் உள்ளேயே இருக்கும், வார்னிஷ் அடித்ததும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் பலகையைத் துடைத்துவிடுங்கள். உதிர்ந்த ஒரு 80-ஆம் நம்பர் துகள் 180-க்கு அடியில் மாட்டினால் போதும். டார்ச் விளக்கைப் பலகையோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மிச்சக் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். சாயம் ஏற்ற வேண்டிய மரத்தை 180 அல்லது 220-ஓடு நிறுத்துங்கள். அதற்கு மேல் நைஸாக்கினால் மரம் சாயத்தை உறிஞ்சாது.

13. பிளைவுட், வீனியர் ஒட்டிய பலகை: மேலே இருக்கும் நல்ல மரத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 150-இல் தொடங்குங்கள். முதலில் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கோடு கிறுக்கி, கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். ஓரங்களைக் கையால்.

14. தேய்ப்பதற்கு முன் பழைய ஆணிகளைத் தேடி எடுங்கள், அல்லது ஆணிக்கு மேல் இன்னொரு ஆணியை வைத்து ஆழமாக இறக்கிவிடுங்கள். ஆணி தாளைக் கிழிப்பதோடு தீப்பொறியும் கிளப்பும்.

15. அந்தப் பொறி பைக்குள் போனால்? நைஸ் தூள் கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றலாம். பொறியே இல்லாமலும் நடக்கலாம். வார்னிஷ், பாலியூரிதேன் தேய்த்த தூள் சூட்டோடு பையில் அடைந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்ததும் பையைக் காலி செய்து, தூளை மூடியுள்ள தகர டப்பாவில் வெளியே வையுங்கள். இரும்பு தேய்ப்பதானால் மரத்தூள் பையைக் கழற்றிவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது இன்னும் ஆபத்து. எண்ணெய் காயும்போது வரும் வெப்பமே துணியைப் பற்றவைக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

16. காதடைப்பு போடுங்கள். பெல்ட் சாண்டரின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நாள் முழுக்கக் கேட்க 85-தான் எல்லை. மெஷினின் அதிர்வில் விரல் மரத்துப்போனால் அன்றைய வேலை அத்தோடு போதும்.

17. பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். மெஷினின் அம்பும் அதுவும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இணைப்பு பிய்ந்து முகத்தில் அடிக்கலாம். பெல்ட்டை மடித்து வைக்காதீர்கள். சுவரில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை அடித்து அதில் தொங்கவிடுங்கள். கடலோர ஊர்களில் ஈரக்காற்று ஒட்டுப்பசையைச் சீக்கிரம் கெடுக்கும், அதனால் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். பிசினும் பாலிஷும் அடைத்த பெல்ட்டை அதற்கென்றே விற்கும் ரப்பர் கட்டியால் தேய்த்தால் மறுபடி வெட்டும்.

18. மெஷினின் காற்றுத் துளைகளை வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் தூள் பேரிங்குக்குள் போகும், உங்கள் மூக்குக்கும் போகும். மோட்டாருக்குள் பொறி அதிகம் தெரிந்தாலோ, ஓட்டம் விட்டுவிட்டு வந்தாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கீச்சென்ற ஓசை வந்தால் பேரிங். ரேண்டம் ஆர்பிட்டலைத் தூக்கிப் பிடிக்கும்போது தட்டு வெறிபிடித்ததுபோல் சுற்றினால், தட்டுக்கு மேலே உள்ள ரப்பர் பிரேக் வளையம் தேய்ந்துவிட்டது. விலை குறைந்த பாகம்தான், ஆனால் மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் மரத்தில் வட்டக் கீறல். தாள் நழுவத் தொடங்கினால் புதுத் தாளைத் திட்டாமல் தட்டின் வெல்க்ரோவைப் பாருங்கள்.

19. தேய்ந்த வட்டத் தாளை எறிய வேண்டாம். நடுப்பகுதி தீர்ந்தாலும் ஓரத்தில் உயிர் இருக்கும், அல்லது ஓரம் போனாலும் நடுவில் இருக்கும். நான்காகக் கிழித்து, பின்பக்கத்தில் நம்பரை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கதவின் கடைசல் வேலைப்பாடு, ஜன்னல் சட்டத்தின் உள்மூலை, நாற்காலிக் காலின் வளைவு இங்கெல்லாம் எந்த மெஷினும் நுழையாது.