மாலைக்குரிய வாசனைத் தழைகள்: அறுப்பும் பாதுகாப்பும்

கதம்பம் தொடுப்போர் மலர்களோடு மரிக்கொழுந்து, மருவு, துளசி முதலிய வாசனைத் தழைகளையும் சேர்த்துக் கட்டுவது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் கட்டப்படும் மாணிக்க மாலையில் அரளிப் பூவோடு நொச்சி இலையும் இடம்பெறுகின்றது. அம்மாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தழைகளைக் கிணற்றுப் பாசனமுள்ள சிறு நிலத்திலும் பயிரிடலாம். ஆயினும், பசுமையாக அறுத்த கட்டு சந்தை சேருமுன் துவண்டுவிடுமாயின் வியாபாரிகள் விலையைக் குறைத்துவிடுவர்; மறுநாளைக்கு வைத்து விற்கவும் இயலாது. பல மாத உழைப்பு சில மணி நேரத்தில் வீணாகாமற் காக்கும் முறைகளை இங்கு விவரிப்போம்.

வாடுதலின் காரணம்

இலையிலுள்ள நுண்துளைகளின் வழியே ஜலம் ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கும். செடி மண்ணில் நிற்கும் வரையில் வேர் அந்த நஷ்டத்தை ஈடு செய்யும். அறுத்தபின் ஈடு செய்ய வழியில்லை. மேலும், வெட்டுவாயின் மூலம் காற்றுப் புகுந்து, தண்டினுள் ஜலம் ஏறும் நுண்குழல்களை அடைத்துவிடும். அறுத்த தழையும் உயிருள்ளதே. அது சுவாசிக்கும்போது உஷ்ணம் உண்டாகின்றது. தழையைக் குவித்து அமுக்கினால் அவ்வுஷ்ணம் வெளியேறாமல் நடுப்பகுதி புழுங்கிக் கெடும். இம்மூன்றையும் தடுப்பதே பாதுகாப்பின் சாரமாகும்.

சாகுபடி

மரிக்கொழுந்தின் விதை மிக நுண்ணியது. முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். ஆதலின் புது விதையையே மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவுதல் வேண்டும். குளிர்ந்த பருவம் இதற்கு ஏற்றது. கனத்த மழையும் தேங்கிய ஜலமும் ஆகா. மருவைத் தண்டுத் துண்டுகளைக் கொண்டே பெருக்கலாம். துளசியின் பூக்கதிர்களை அவ்வப்போது கிள்ளி வந்தால் தழை மிகும்.

அறுப்பு

1. முதல்நாள் மாலையில் வயலுக்குப் பாய்ச்சி, விடியற்காலையில் அறுக்க வேண்டும்.

2. மழுங்கிய அரிவாள் தண்டை நசுக்கும். ஆதலின் கூரிய கத்தியையே உபயோகிக்கவும்.

3. அடித்தண்டின் இலைகளை உருவிவிட்டு, நிழலில் சுத்தமான ஜலமுள்ள பாத்திரத்தில் அடி நனையும்படி இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கவும். ஜலத்தினுள் மூழ்கிய இலை அழுகிக் கிருமிகளைப் பெருக்கும். அவையும் தண்டின் குழல்களை அடைக்கும்.

4. இலைமேல் உள்ள பனி நிழலில் உலர்ந்தபின் கட்டவும். ஈரத்தோடு அமுக்கிய தழை கறுத்துவிடும்.

கூடையும் பிரயாணமும்

மூங்கிற் கூடையின் உட்புறம் வாழையிலையைப் பரப்பி, சிறு கட்டுகளைத் தளர்வாக நிமிர்த்தி அடுக்கி, மேலே ஈரத்துணியால் மூடவும். பழுத்த வாழைக்குலைகளோடு ஒரே வண்டியில் ஏற்றுதல் கூடாது. பழத்தினின்று வெளிவரும் எத்திலீன் என்னும் வாயு இலையை மஞ்சளாக்கி உதிரச் செய்யும். குளிர் அறை எல்லாத் தழைக்கும் நன்மை தரும் என்று எண்ணலாகாது. திருநீற்றுப்பச்சையை 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் வைத்தால் அதன் இலைகள் கறுத்துப்போகும்.

மாலை கட்டுவோர், தண்டின் நுனியில் அரை அங்குலத்தை ஜலத்தினுள் வைத்தே மறுபடியும் வெட்டி, சற்று நேரம் ஜலத்தில் நிறுத்தியபின் தொடுக்கலாம். அடைப்பு நீங்கித் தழை நிமிரும்.

ஓர் எச்சரிக்கை: துளசியை மாலையிலிருந்து எடுத்து உண்பதும் உண்டு. ஆதலின் பூச்சிமருந்து தெளித்தபின் அதன் சீட்டில் குறித்த நாட்கள் கழியாமல் அறுத்தல் தகாது.

ஒரு சோதனை

இம்முறைகளில் ஐயமுள்ளோர் ஒரே பாத்தியில் ஒரே வேளையில் பத்துக் கட்டுகளை அறுத்து நிறுக்கவும். ஐந்தை வழக்கம்போல் வரப்பில் போட்டு வைத்து, மற்ற ஐந்தை மேற்கூறியவாறு பாதுகாத்து, நடுப்பகலில் இரு பங்கையும் மீண்டும் நிறுத்துப் பார்க்கவும். எடையில் காணும் வித்தியாசமே வீணாகும் பணத்தைக் காட்டும்.

பூக்கூடைகள் வண்டியேறும் இடத்தில் ஒரு பந்தலும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்கக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வார்களாயின், சிறு நிலமுடையோர் பலருக்கும் அது பேருதவியாகும்.